லிவிங்ஸ்டனின் தாள்களைச் சுமந்தவர்கள்

1871-ஆம் ஆண்டின் தொடக்கத்தில், இன்றைய காங்கோவின் கிழக்குப் பகுதியான மன்யேமாவில் இருந்த டேவிட் லிவிங்ஸ்டனிடம் எழுதத் தாள் இல்லை, மையும் தீர்ந்துவிட்டது. கால் புண்களால் மாதக்கணக்கில் குடிசைக்குள் முடங்கிக் கிடந்தவர் அவர். கடற்கரையிலிருந்து கடிதமும் சரக்கும் எப்போதாவதுதான் வரும். அப்படி வந்து சேர்ந்த லண்டன் நாளிதழ் ஒன்று கையில் இருந்தது. 1869 நவம்பர் 24 தேதியிட்ட 'தி ஸ்டாண்டர்டு' அது. அதைச் சிறு தாள்களாக வெட்டினார். அச்செழுத்து ஓடும் திசைக்குக் குறுக்காகத் தாளைத் திருப்பி வைத்துக்கொண்டு, அந்த ஊரார் துணிக்குச் சாயமேற்றப் பயன்படுத்தும் 'சிங்கிஃபூரே' என்ற செடியின் விதையிலிருந்து மை எடுத்து, அச்சின் மேலேயே நாட்குறிப்பு எழுதினார். பழைய புத்தகங்களின் ஏடுகளும் இப்படியே எழுதுதாள்களாயின.

அந்த மை நிலைக்கவில்லை. சில பக்கங்களில் மங்கியது, சில பக்கங்களில் அச்செழுத்தோடு கலந்து ஒன்றையும் பிரித்தறிய முடியாமல் போனது. ஸ்காட்லாந்தில் பத்திரமாக இருந்தும் ஏறத்தாழ 140 ஆண்டுகள் அந்தத் தாள்களின் பெரும்பகுதியை யாராலும் படிக்க இயலவில்லை. அவற்றில் இருந்ததோ, அவர் வாழ்நாளில் எழுதியவற்றிலேயே உலகத்தை மிக அதிகமாக அசைத்த நிகழ்ச்சியின் முதல் பதிவு.

லிவிங்ஸ்டனைப் பற்றிப் பள்ளிப் பாடத்தில் நாம் படித்தது கொஞ்சம்தான். விக்டோரியா அருவி, நைல் நதியின் ஊற்றைத் தேடியது, ஸ்டான்லி அவரைக் கண்டுபிடித்தது. தனி ஒரு மனிதர் ஒரு கண்டத்தை நடந்தே கடந்த கதையாக அது சொல்லப்படுகிறது. அவருடைய கையெழுத்துப்படிகளும் உடைமைகளும் எப்படி உருவாயின, எப்படிப் பிழைத்தன, யார் கையில் திருத்தப்பட்டன என்று பார்த்தால் அந்தத் தனி மனிதர் கதை நிற்காது. அந்த ஆவணத் தொகுதியை ஒருவருடையது என்று சொல்வதே பிழை என்பது என் எண்ணம். ஆப்பிரிக்கர் பலர் அதைச் சுமந்தார்கள், காத்தார்கள், ஓரளவுக்கு எழுதவும் செய்தார்கள்.

லிவிங்ஸ்டன் 1813 மார்ச் 19 அன்று கிளாஸ்கோவை அடுத்த பிளாண்டையர் என்ற ஆலை ஊரில் பிறந்தவர். பத்து வயதில் பஞ்சாலைக்கு வேலைக்குப் போனார். மருத்துவம் படித்து, லண்டன் மிஷனரி சங்கத்தின் ஊழியராக 1841-இல் தென்னாப்பிரிக்கா வந்து சேர்ந்தார். ஆலை வேலையின் நடுவே புத்தகத்தை இயந்திரத்தின் மேல் வைத்துப் படித்த பழக்கமோ என்னவோ, எழுதிக்கொண்டே இருப்பது அவருக்கு மூச்சு விடுவதைப் போல ஆகியிருந்தது. நடக்கும்போது சட்டைப்பைக்கு அடங்கும் சிறு குறிப்பேட்டில் பென்சிலால் எழுதுவார். தங்கும் இடத்தில் அதை விரித்துப் பெரிய நாட்குறிப்பேட்டில் சேர்ப்பார். அதிலிருந்து அமைச்சகத்துக்கும் சங்கங்களுக்கும் நண்பர்களுக்கும் கடிதங்கள் போகும். நாடு திரும்பினால் இவையெல்லாம் சேர்ந்து புத்தகமாகும். ஒரே நிகழ்ச்சி இப்படி மூன்று நான்கு முறை எழுதப்பட்டது. ஒவ்வொரு முறையும் ஏதோ ஒன்று மாறியது. ஆய்வாளருக்கு இந்த மாற்றங்கள்தான் புதையல்.

எழுதியவை அழிந்த கதையும் நீண்டது. 1852-இல் போயர் படையினர் கொலோபெங்கில் இருந்த அவர் வீட்டைச் சூறையாடியபோது புத்தகங்களும் தாள்களும் நாசமாயின. அங்கே வாழ்ந்த பக்வேனா மக்களின் தலைவர் செச்சேலேதான் லிவிங்ஸ்டன் ஞானஸ்நானம் கொடுத்த ஒரே குறிப்பிடத்தக்க ஆள். அந்தத் தாக்குதலின் இலக்கும் செச்சேலேயின் மக்களே. 1854-இல் லுவாண்டா துறைமுகத்தை அடைந்த லிவிங்ஸ்டன், கடிதங்களையும் வரைபடங்களையும் குறிப்புகளையும் 'ஃபோர்ரன்னர்' என்ற தபால் கப்பலில் இங்கிலாந்துக்கு அனுப்பினார். மதேரா தீவருகே கப்பல் மூழ்கியது. திரும்பும் வழியில் பங்கோ அண்டோங்கோவில் அந்தச் செய்தி அவரை எட்டியது. அங்கேயே தங்கி எல்லாவற்றையும் மறுபடியும் எழுதினார். உடம்பு காய்ச்சலில் நொந்திருந்தது. முன்னால் இருந்ததோ கண்டத்தின் மறுகரை வரைக்குமான வழி. 1856 மே மாதத்தில் குவெலிமானேயை அடைந்து அந்தப் பயணத்தை முடித்தார். இந்த நடையில் அவரோடு வந்தவர்கள் மகொலோலோ அரசர் செக்கெலெட்டு அனுப்பிய ஆட்கள். தந்தமும் காளைகளும் கொடுத்துச் செலவை ஏற்றவரும் அந்த அரசரே.

1857-இல் ஜான் மர்ரே வெளியிட்ட அவருடைய முதல் புத்தகம் 70,000 படிகள் விற்றது. மர்ரே பதிப்பகத்தின் ஆவணங்கள் இப்போது எடின்பரோவில் ஸ்காட்லாந்து தேசிய நூலகத்தில் இருக்கின்றன, இந்தப் புத்தகத்தின் கையெழுத்துப்படியும் அங்கே இருக்கிறது. அடித்தலும் சேர்த்தலும் நிறைந்த அந்தப் பக்கங்களை அச்சுப் புத்தகத்தோடு ஒப்பிட்டால், பயணி ஒருவரைப் பதிப்பகமும் வாசகர் எதிர்பார்ப்பும் சேர்ந்து எப்படி நாயகராக வடித்தன என்பது வரிவரியாகத் தெரியும். அந்தப் புத்தகத்தை நம்பி வந்த இளைஞர் ஜேம்ஸ் ஸ்டூவர்ட், சாம்பெசி நதி அதில் சொன்னபடி இல்லை என்று கண்டதும் தன் படியை அந்த ஆற்றிலேயே வீசினார். 1858 முதல் 1864 வரை நடந்த சாம்பெசிப் பயணம் லிவிங்ஸ்டனுக்குப் பெயர் தரவில்லை. மனைவி மேரி 1862 ஏப்ரலில் ஷுப்பாங்காவில் காய்ச்சலில் இறந்தார். பயணத்தில் உடனிருந்த மருத்துவர் ஜான் கிர்க்கின் நாட்குறிப்பை 1965-இல் அச்சில் படித்தவர்கள் வேறொரு லிவிங்ஸ்டனைக் கண்டார்கள். எவர் சொல்லையும் கேளாதவர், தன்னோடு வந்தவர்களின் உயிரைப் பற்றிப் பெரிதாகக் கவலைப்படாதவர்.

இந்தியாவோடு அவருக்குத் தொடர்பு ஏற்பட்டது இந்தத் தோல்வியின் முடிவில்தான். 1864-இல் 'லேடி நியாசா' என்ற சிறு நீராவிப் படகைத் தானே ஓட்டி இந்தியப் பெருங்கடலைக் கடந்து பம்பாய் வந்தார். படகை விற்ற பணம் ஒரு வங்கி முறிந்தபோது தொலைந்தது. அந்தக் கடலில் அவரோடு வந்தவர்களில் சூமா, சூசி என்ற ஆப்பிரிக்கர் இருவரும் இருந்தார்கள். யாவோ இனத்துச் சிறுவனான சூமா 1861-இல் அடிமை வணிகர்களிடமிருந்து மீட்கப்பட்டவன். பம்பாயில் ஸ்காட்லாந்து மிஷனரி ஜான் வில்சனின் பள்ளியில் அவனைச் சேர்த்தார்கள். நாசிக்கை அடுத்த ஷரண்பூரில் சர்ச் மிஷனரி சொசைட்டி நடத்திய விடுதி ஒன்று இருந்தது. அடிமைக் கப்பல்களிலிருந்து ஆங்கிலேயக் கடற்படை மீட்ட ஆப்பிரிக்கப் பிள்ளைகள் அங்கே எழுத்தும் கைத்தொழிலும் கற்றார்கள். 1866-இல் லிவிங்ஸ்டன் தன் கடைசிப் பயணத்தைத் தொடங்கியபோது நாசிக் விடுதியைச் சேர்ந்த இளைஞர்களும் பம்பாய்ப் படையின் சிப்பாய்களும் உடன் சென்றார்கள். சிப்பாய்கள் பாதி வழியிலேயே திருப்பி அனுப்பப்பட்டார்கள். நாசிக்கில் படித்தவர்களோ இந்தக் கதையின் கடைசி வரைக்கும் வருகிறார்கள். எழுதத் தெரிந்தவர்கள் அவர்களே.

இப்போது அந்த நாளிதழ்த் தாள்களுக்கு வருவோம். 1871 மார்ச் இறுதியில் லிவிங்ஸ்டன் லுவலாபா ஆற்றங்கரையிலுள்ள நியாங்வேயை அடைந்தார். அந்த ஆற்றை அவர் நைலின் தலைப்பகுதி என்று நம்பினார், அது காங்கோ நதி. கடக்கப் படகு கிடைக்காமல் மாதக்கணக்கில் காத்திருந்தார். நியாங்வேயில் கூடும் சந்தை அவருக்கு மிகவும் பிடித்தது. வருபவர்களில் பெரும்பாலோர் பெண்கள். கோழியும் மீனும் மண்சட்டியும் பனையெண்ணெயும் சுமந்து வந்து பேரம் பேசிச் சிரித்துப் பிரிவதை அவர் திரும்பத் திரும்ப எழுதியிருக்கிறார். ஜூலை 15 அன்று, டுகும்பே என்ற வணிகரின் கூட்டத்தைச் சேர்ந்த ஆட்கள் அந்தச் சந்தைக்குள் துப்பாக்கியோடு நுழைந்து சுட்டார்கள். ஜனங்கள் படகுகளை நோக்கி ஓடினார்கள், படகுகள் கவிழ்ந்தன, நீந்தி ஓடியவர்கள் மேலும் சுடப்பட்டார்கள். இறந்தவர்கள் 330 முதல் 400 வரை என்று வணிகர்களே கணக்குச் சொன்னார்கள். லிவிங்ஸ்டன் அதைக் கண்ணால் பார்த்தார்.

இந்தப் படுகொலையைப் பற்றிய அவருடைய அறிக்கையைச் சில மாதம் கழித்து ஸ்டான்லி எடுத்துச் சென்றார். 1872-இல் அது இங்கிலாந்தில் வெளியானதும் எழுந்த கொதிப்பு, முன்னாள் பம்பாய் ஆளுநர் பார்ட்டில் ஃப்ரேர் தலைமையில் ஒரு தூதுக்குழுவைச் சான்சிபாருக்கு அனுப்பும் அளவுக்குப் போனது. 1873 ஜூனில் சான்சிபார் சுல்தான் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டு அடிமைச் சந்தையை மூடினார். லிவிங்ஸ்டன் இறந்து அப்போது ஐந்து வாரமே ஆகியிருந்தது.

உலகம் படித்தது நாட்குறிப்பேட்டில் அவர் பிறகு செப்பனிட்டு எழுதிய வடிவத்தை. சந்தை நடந்த நாட்களில் சாய மையால் எழுதிய மூலத்தை 2010-இல் தொடங்கிய ஒரு முயற்சிதான் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது. ஆங்கில இலக்கிய ஆய்வாளர் ஏட்ரியன் விஸ்னிக்கி அதற்குத் தலைமை ஏற்றார். ஆர்க்கிமிடீஸின் அழிக்கப்பட்ட கையெழுத்துப்படியை மீட்ட அறிவியலாளர்களில் சிலர் உடன் சேர்ந்தார்கள். தாளின் மேல் ஒரு நேரத்தில் ஒரே நிறத்து ஒளியை மட்டும் பாய்ச்சிப் படம் எடுப்பார்கள். புற ஊதாவில் தொடங்கி அகச்சிவப்பு வரைக்கும் இப்படிப் படிப்படியாகப் போவார்கள். செடியின் மை நீல ஒளியில் கருத்துத் தெரியும், அகச்சிவப்பில் மறைந்துவிடும். நாளிதழின் கரி மையோ எல்லா ஒளியிலும் கருப்பாகவே நிற்கும். ஒரு படத்திலிருந்து இன்னொன்றைக் கணினியால் கழித்தால் அச்சு விலகிக் கையெழுத்து மேலே வருகிறது. 2011 நவம்பரில் அந்த நாட்குறிப்பு முழுவதும் படங்களோடும் எழுத்துப்பெயர்ப்போடும் இணையத்தில் எவரும் பார்க்கும்படி வந்தது.

வெளிப்பட்ட வாசகம் சங்கடமானது. அப்போது லிவிங்ஸ்டனிடம் இருந்த வேலையாட்களில் ஒரு பகுதியினர் சான்சிபாரில் கிர்க் ஏற்பாடு செய்து அனுப்பியவர்கள். அங்கே தொழில் நடத்திய கட்ச், குஜராத் பனியா வணிகர்களின் அடிமைகள் அவர்கள். ஒரு முனையில் அடிமை வணிகத்தை ஒழிக்க வந்தவர், மறுமுனையில் அடிமைகளின் உழைப்பில் நடக்கிறார். அடிமை வணிகர்கள் கொடுத்த உணவையும் மருந்தையும் கொண்டுதான் அவர் அந்த ஆண்டுகளைக் கடந்தார். களக்குறிப்பில் தன் ஆட்களைப் பற்றிய கசப்பு வெளிப்படையாக இருக்கிறது. வன்முறையில் அவர்களுக்கும் பங்கு இருந்ததோ என்ற ஐயத்துக்கு இடம் தரும் வரிகள் இருக்கின்றன. செப்பனிட்ட நாட்குறிப்பேட்டில் அவை மழுங்கியோ மறைந்தோ போயிருப்பதை விஸ்னிக்கி எடுத்துக்காட்டினார். அந்த ஆட்கள் படுகொலையில் ஈடுபட்டார்கள் என்பதற்கு இது சான்று ஆகாது. ஆனால் தன் பக்கத்தின் மீது நிழல் விழாதபடி லிவிங்ஸ்டன் தன் முதல் பதிவைச் சீர் செய்திருக்கிறார் என்பது வலுவான முடிவு என்றே நான் கருதுகிறேன். கொல்லப்பட்ட நியாங்வே மக்களின் கதை உண்மை. அவர் அதற்காகத் துடித்ததும் உண்மை. தன் நெருக்கடியை மறைத்ததும் உண்மை. இந்த மூன்றையும் சேர்த்துப் படிக்க வழி செய்ததுதான் அந்தச் சாய மைப் பக்கங்களின் பெருமை.

1871-இன் பிற்பகுதியில் ஸ்டான்லியோடு நடந்த புகழ்பெற்ற சந்திப்புக்கும் தாள்களின் சாட்சி நேராக இல்லை. ஸ்டான்லியின் புத்தகம் நவம்பர் 10 என்கிறது. நோயில் நாள் கணக்குத் தவறிய லிவிங்ஸ்டனின் ஏடு அதை அக்டோபரில் வைக்கிறது. பெல்ஜியத்தில் டெர்வூரன் அருங்காட்சியகத்தில் இருக்கும் ஸ்டான்லியின் சொந்த நாட்குறிப்பில் அந்தச் சந்திப்பை விவரிக்க வேண்டிய பக்கம் கிழிக்கப்பட்டிருப்பதை வாழ்க்கை வரலாற்றாளர் டிம் ஜீல் கண்டார்.

1873 ஏப்ரல் 27-இல் லிவிங்ஸ்டனின் கடைசிக் குறிப்பு. தளர்ந்துவிட்டதாகவும், பால் ஆடு வாங்க ஆள் அனுப்பியிருப்பதாகவும், மொலிலாமோ ஆற்றங்கரையில் இருப்பதாகவும் சில சொற்கள். சில நாளில், பங்வெலு ஏரிக்குத் தெற்கே சிட்டம்போ என்ற தலைவரின் ஊரில் அவர் இறந்தார்.

அதற்குப் பிறகு நடந்ததில்தான் எனக்கு வியப்பு அதிகம். முதலாளி இறந்தால் கூலி இல்லை. வெள்ளையர் ஒருவர் செத்துக் கிடக்கிறார் என்றால் பழி யார் மேல் விழும் என்ற பயம் வேறு. சூமாவும் சூசியும் மற்றவர்களும் கூடிப் பேசி, உடலையும் உடைமைகளையும் கடற்கரைக்குக் கொண்டுபோவது என்று முடிவு செய்தார்கள். எல்லோர் முன்னிலையிலும் பெட்டிகள் திறக்கப்பட்டன. நாசிக்கில் படித்த ஜேக்கப் வெயின்ரைட், இறந்தவருடைய குறிப்பேட்டிலேயே ஒரு பக்கத்தில் பட்டியல் எழுதினார். சில்லறைக் காசு, தொப்பி, கைக்கடிகாரம், திசைகாட்டி, பெயர் தெரியாத அளவைக் கருவிகள் எல்லாம் அதில் இருக்கின்றன. பின்னாளில் யாரும் திருட்டுப் பழி சுமத்தக் கூடாது என்பதற்கான எச்சரிக்கை அது. ஆவணக்காப்பாளர் எவரும் முதலில் செய்யும் வேலையும் அதுதான். லிவிங்ஸ்டன் தொகுதியின் முதல் பட்டியலைத் தயாரித்தவர் ஜேக்கப் வெயின்ரைட் என்று நூலகங்கள் எழுதி வைக்க வேண்டும்.

சிட்டம்போவின் இசைவோடு உடலின் உள்ளுறுப்புகளை எடுத்து, இதயத்தோடு ஒரு தகரப் பெட்டியில் வைத்து, மரத்தடியில் புதைத்தார்கள். சான்சிபாரில் மருத்துவர் ஒருவரிடம் வேலை பார்த்திருந்த ஃபரிஜாலா கத்தி பிடித்தார். வெயின்ரைட் பிரார்த்தனை வாசித்தார். உடலில் உப்பிட்டு இரண்டு வாரம் வெயிலில் உலர்த்தி, துணியில் சுற்றி, மரப்பட்டையை உருளையாக உரித்து அதற்குள் வைத்து, பாய்மரத் துணியால் தைத்தார்கள். பிறகு ஒன்பது மாத நடை. பெண்களும் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள். சமையல் வேலை பார்த்த ஹலிமாவின் பெயர் லிவிங்ஸ்டனின் குறிப்புகளிலேயே வருகிறது. 1873 அக்டோபரில் உன்யன்யெம்பேயில் ஆங்கிலேய அதிகாரி கேமரன் எதிர்ப்பட்டார். உடலை அங்கேயே புதைத்துவிடுங்கள் என்றார். அவர்கள் கேட்கவில்லை. கேமரன் தன் பயணத்துக்கு வேண்டுமென்று இறந்தவரின் கருவிகளில் பலவற்றை எடுத்துக்கொண்டார். அந்தக் கருவிகளை அதுவரை ஒன்று குறையாமல் சுமந்து வந்தவர்கள் அதைத் தடுக்க இயலவில்லை. பிணம் ஊர் வழியே போகக் கூடாது என்று கசெகேராவில் எதிர்ப்பு வந்தபோது, தட்டைக் கட்டு ஒன்றைப் பிணம்போல் சுற்றி, புதைக்கத் திரும்பிக் கொண்டுபோவது போலச் சிலரை அனுப்பிவிட்டு, உண்மையான உடலைத் துணிப்பொதியாக உருமாற்றித் தோளில் வைத்துக்கொண்டு நடந்தார்கள். உடலோடு குறிப்பேடுகளும் வரைபடங்களும் வந்தன. 1872-க்குப் பிற்பட்ட லிவிங்ஸ்டனின் எழுத்து ஒரு வரியாவது இன்று நம் கையில் இருக்கிறதென்றால் காரணம் இந்த நடை ஒன்றே.

1874 பிப்ரவரியில் பாகமோயோவை அடைந்ததும் பொறுப்பு கைமாறியது. ஆங்கிலேயத் துணைத்தூதரகம் கூலி கொடுத்து ஆட்களைக் கலைத்தது. சர்ச் மிஷனரி சொசைட்டி செலவை ஏற்றதால் வெயின்ரைட் மட்டும் கப்பலில் உடலோடு போனார். லண்டனில் அரச புவியியல் சங்கத்தின் வரைபட அறையில் உடல் வைக்கப்பட்டது. அறுவை மருத்துவர் வில்லியம் ஃபெர்குசன் இடது மேற்கை எலும்பைப் பார்த்தார். 1844-இல் மபோட்சாவில் சிங்கம் கடித்து முறித்த இடம் சரியாகக் கூடாமல் போலி மூட்டாக நின்றுவிட்டிருந்தது. அந்தத் தழும்பே அடையாளச் சான்றானது. அன்று சிங்கத்தின் கவனத்தைத் தன் பக்கம் திருப்பி லிவிங்ஸ்டனின் உயிரைக் காத்தவர் மெபால்வே என்ற ஆப்பிரிக்க ஆசிரியர். ஏப்ரல் 18 அன்று வெஸ்ட்மின்ஸ்டர் தேவாலயத்தில் அடக்கம் நடந்தது. வெயின்ரைட் பெட்டியைச் சுமந்தோரில் ஒருவராக நின்றார். கல்லறைப் பலகை, விசுவாசமான கைகள் நிலமும் கடலும் கடந்து உடலைக் கொண்டுவந்ததாகச் சொல்கிறது. அந்தக் கைகளுக்கு உரியவர்களின் பெயர் ஒன்றுகூட அதில் இல்லை.

சூமாவும் சூசியும் அடக்கத்துக்குப் பிறகே இங்கிலாந்து வந்தார்கள். லிவிங்ஸ்டனின் நண்பரும் பாரஃபின் தொழிலதிபருமான ஜேம்ஸ் யங் செலவைக் கொடுத்தார். கடைசி நாட்குறிப்புகளை அச்சுக்குத் தயார் செய்யும் வேலை ஹொரேஸ் வாலரிடம் இருந்தது. எழுத்துப் புரியாத இடங்களிலும், குறிப்பே இல்லாத கடைசி நாட்களுக்கும் வாலருக்குத் துணை இந்த இரண்டு பேரின் நினைவுதான். ஊர்ப் பெயர், ஆற்றுப் பெயர், யார் எப்போது ஓடிப்போனார், யார் எங்கே நோயுற்றார் என்றெல்லாம் அவர்கள் சொல்லச் சொல்ல அவர் எழுதினார். 1874-ஆம் ஆண்டு முடிவதற்குள் இரண்டு தொகுதிகளாக நூல் வந்தது. லிவிங்ஸ்டன் கட்டிலருகே மண்டியிட்டபடி இறந்து கிடந்தார் என்ற காட்சி உலகெங்கும் பரவியது இந்த நூலின் வழியே. அதைச் சொன்னவர்கள் சூமாவும் சூசியும், சொற்களை அமைத்தவர் வாலர். அடிமை ஒழிப்பு இயக்கத்துக்கு ஒரு புனிதர் தேவைப்பட்ட காலம் அது. வாலர் சகாக்கள் மீதான கடுமொழிகளையும் தன் நாயகரின் பெயருக்கு ஊறு செய்யக்கூடியவற்றையும் விலக்கினார் என்பதை வரலாற்றாய்வாளர் டோரதி ஹெல்லி 1987-இல் வெளிவந்த நூலில் மூலங்களோடு ஒப்பிட்டுக் காட்டினார்.

நூலின் உருவாக்கத்தில் இத்தனை பங்கு இருந்தும் அவர்களுக்குக் கிடைத்தது பதக்கம். அரச புவியியல் சங்கம் சுமந்து வந்தவர்களுக்காக 60 பதக்கங்கள் செய்தது. அவை ஆப்பிரிக்கா போய்ச் சேர்வதற்குள் ஆட்கள் பல திசைகளில் போய்விட்டார்கள். சூமா 1882-இலும் சூசி 1891-இலும் சான்சிபாரில் இறந்தார்கள்.

நினைவுப் பொருட்களில் மிகுதியாகப் பேசப்படுவது அந்த மரம். இதயம் புதைக்கப்பட்ட மரத்தின் அடியில் வெயின்ரைட் லிவிங்ஸ்டனின் பெயரையும் தேதியையும் உடன் இருந்தவர்கள் சிலரின் பெயர்களையும் செதுக்கினார். கால் நூற்றாண்டில் மரம் பூச்சி அரித்து விழும் நிலைக்கு வந்தது. 1899-இல் அதை வெட்டி, எழுத்துள்ள பகுதியை மட்டும் லண்டனுக்கு அனுப்பினார்கள், அது புவியியல் சங்கத்தில் இருக்கிறது. மரம் நின்ற இடத்தில் 1902-இல் ஒரு தூண் எழுந்தது. இன்று அது சாம்பியாவின் தேசிய நினைவுச்சின்னம். செதுக்கிய தேதி மே 4. வெஸ்ட்மின்ஸ்டர் பலகையிலோ மே 1 என்று இருக்கிறது, சூமாவும் சூசியும் வாலரிடம் சொன்ன கணக்கை ஒட்டி. பெரும்பாலான நூல்கள் மே 1-ஐ எடுத்துக்கொள்கின்றன. ஆனால் அந்த இடத்தில், அந்த வாரங்களில், எழுதத் தெரிந்த ஒருவர் தன் கையால் பதித்தது மே 4. அதைச் செதுக்குபவரின் பிழை என்று ஒதுக்கிவிடுவதற்கு முன் நாம் தயங்க வேண்டும். மரத்தில் இன்னொன்றும் உண்டு. கல்லறைப் பலகை சொல்லாத ஆப்பிரிக்கப் பெயர்களை அது சொல்கிறது.

தொப்பியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. தூதராக நியமிக்கப்பட்டபோது அணியத் தொடங்கிய பட்டை வைத்த நீலத் தொப்பியும் ஸ்டான்லியின் தொப்பியும் புவியியல் சங்கத்தில் அருகருகே இருக்கின்றன. பார்வையாளர்களுக்கு அவை பிடிக்கும், ஆய்வுக்கு அவை சொல்வது குறைவு.

தாள்கள் உலகெங்கும் சிதறிக் கிடக்கின்றன. பிளாண்டையரில் 24 குடும்பங்கள் வாழ்ந்த ஆலைக் குடியிருப்பை நன்கொடை திரட்டி வாங்கி 1929-இல் அருங்காட்சியகமாக்கினார்கள். கடைசிப் பயணத்தின் பெரிய நாட்குறிப்பேடும் களக்குறிப்புகளில் பலவும் அங்கே இருக்கின்றன. எடின்பரோ தேசிய நூலகம், லண்டன் பல்கலைக்கழகத்தின் ஆசிய ஆப்பிரிக்க ஆய்வுப் பள்ளியில் உள்ள மிஷன் சங்க ஆவணங்கள், கியூவிலுள்ள அரசு ஆவணக்காப்பகம், ஹராரேயின் தேசிய ஆவணக்காப்பகம், ஜோகன்னஸ்பர்க்கின் பிரெண்ட்ஹர்ஸ்ட் நூலகம், சாம்பியாவில் அவர் பெயர் தாங்கிய ஊரின் அருங்காட்சியகம் ஆகிய இடங்களிலும் பங்கு பங்காக இருக்கின்றன. ஒரே நாளில் எழுதிய இரண்டு கடிதங்கள் இரண்டு கண்டங்களில் கிடக்கும். மானிடவியலாளர் ஐசக் ஷபேரா 1959 முதல் 1963 வரை குடும்பக் கடிதங்களையும் மிஷன் கடிதங்களையும் தொடக்க கால நாட்குறிப்புகளையும் வாலர் செய்தது போன்ற வெட்டுகள் ஏதுமின்றி அச்சிட்டது ஒரு திருப்பம். பெச்சுவானா மக்களிடையே பல ஆண்டு களப்பணி செய்தவர் அவர். ஆகவே லிவிங்ஸ்டன் குறிப்பிடும் ஒவ்வொரு தலைவரும் யார், எந்தக் குலம் என்று அடிக்குறிப்பில் சொல்ல அவரால் முடிந்தது. 1979-இல் கிளெண்டெனனும் கன்னிங்ஹாமும் எங்கெங்கே எது இருக்கிறது என்ற பட்டியலை எடின்பரோ நூலகத்துக்காகத் தொகுத்தார்கள். அந்தப் பட்டியலின் மேல்தான் 'லிவிங்ஸ்டன் ஆன்லைன்' என்ற இணையத் தொகுப்பு கட்டப்பட்டது. லுசாகாவில் படிக்கும் மாணவர் ஒருவர் பிளாண்டையருக்குப் பயணச்சீட்டு வாங்காமலே தன் நாட்டைப் பற்றிய அந்தப் பக்கங்களைப் படிக்கலாம். மூலத் தாள்கள் எங்கே இருக்க வேண்டும் என்ற வழக்கு இதனால் தீராது. ஆனாலும் இது பெரிய நன்மை.

மேரி லிவிங்ஸ்டனின் கடிதங்கள் இந்தக் குவியலில் மிகக் குறைவு. வண்டியில் பிள்ளை பெற்று, பாலைவனம் கடந்து, ஆண்டுக்கணக்கில் கணவரைப் பிரிந்து ஸ்காட்லாந்தில் வறுமையில் இருந்த பெண்ணைப் பற்றி நமக்குத் தெரிவதெல்லாம் பெரும்பாலும் மற்றவர்கள் எழுதியது. பிறர் எழுதி அனுப்பியவற்றைக் கட்டிக் காத்தவர்கள் அவர் எழுதியதைக் காக்கவில்லை.

வெயின்ரைட்டின் எழுத்து பிழைத்தது. பயணத்தின்போது அவரும் ஒரு நாட்குறிப்பு வைத்திருந்தார். லிவிங்ஸ்டனின் மரணத்தையும் உடலைச் சுமந்த நடையையும் அங்கிருந்த ஆப்பிரிக்கர் ஒருவர் தாமே ஆங்கிலத்தில் எழுதிய பதிவு அது. 1874-இல் ஜெர்மானியப் புவியியல் இதழ் ஒன்று அதை மொழிபெயர்த்து வெளியிட்டது. ஆங்கில மூலத்தை வெளியிட இங்கிலாந்தில் அன்று ஒருவரும் முன்வரவில்லை. நாசிக்கில் அவருடன் படித்த கேரஸ் ஃபர்ரார் எழுதிய விவரமும் 1950 வரை அச்சேறவில்லை. வெயின்ரைட் ஆப்பிரிக்கா திரும்பி மிஷன்களில் வேலை பார்த்து 1892-இல் இன்றைய தான்சானியாவின் உராம்போவில் இறந்தார். அவருடைய நாட்குறிப்பின் கையெழுத்துப்படி பிளாண்டையர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 2019-இல் 'லிவிங்ஸ்டன் ஆன்லைன்' அதன் பக்கங்களைப் படங்களாகவும் எழுத்துப்பெயர்ப்பாகவும் வெளியிட்டது, ஆசிரியர் பெயரில் ஜேக்கப் வெயின்ரைட் என்று போட்டு.